மெழுகைத் தின்னப் பழகும் பூஞ்சை

பெட்ரோல், மெழுகுவர்த்தி, கரப்பான்பூச்சி. இந்த மூணுக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

விடை: ஹைட்ரோகார்பன். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த சங்கிலி. பெட்ரோல்ல இருக்கிறது குட்டிச் சங்கிலிகள், சுமாரா 12 கார்பனுக்குள்ள முடிஞ்சுடும். டீசல்ல அதைவிட நீளம். மெழுகுவர்த்தி செய்யிற பாரபின்ல 20 கார்பனுக்கு மேல. ஒரு பூச்சியோட உடம்புக்கு மேல பூசினாப்ல இருக்கிற மெழுகுப் படலத்துலயும் கிட்டத்தட்ட அதே அளவுதான்: 20 சொச்சம் கார்பன்ல ஆரம்பிச்சு 40 வரைக்கும் போகும். வேதியியல் கணக்குப்படி பார்த்தா, வாழைத்தண்டுல துளை போடுற கூன்வண்டு மெழுகுவர்த்திக்கு ஒண்ணுவிட்ட சொந்தக்காரன்.

இந்த மெழுகைத் தின்னுட்டு, அது வழியா உள்ளே புகுந்து, பூச்சியையே கொல்ற பூஞ்சைகள் இருக்கு. நம்ம ஊரு உரக்கடையில 'பெவேரியா', 'மெட்டாரைசியம்'னு வெள்ளைப் பொடியா பாக்கெட்ல விக்கிறாங்களே, அதுங்கதான். இந்தப் பூஞ்சைகளுக்கு மெழுகு சாப்பிட முன்கூட்டியே பழக்கம் குடுத்தா, பூச்சியை இன்னும் வேகமா கொல்லுமாங்கிற கேள்விதான் இந்தக் கட்டுரை. கேள்வி சின்னதுதான். ஆனா தாமிரபரணிக் கரையில நெல்லும் வாழையும் போடுறவங்க பணமும், அந்த ஆத்துத் தண்ணியைக் குடிக்கிற நம்ம உடம்பும் இதுல மாட்டியிருக்கு.

பூச்சிக்கு மெழுகு எதுக்கு?

பூச்சி சின்ன உருவம். உடம்பு அளவோட ஒப்பிட்டா அதோட மேற்பரப்பு ரொம்ப அதிகம். மே மாச வெயில்ல பாளையங்கோட்டை ரோட்டுல ஒரு சொட்டுத் தண்ணி விட்டா எவ்வளவு நேரம் நிக்கும்? பூச்சியும் அதே மாதிரி காய்ஞ்சு போயிருக்கணும். காயாம காப்பாத்துறது இந்த மெழுகுதான். உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாது, வெளியே இருக்கிற கிருமியை உள்ளே விடாது. எறும்புகளுக்கு இதுவே அடையாள அட்டையும் கூட. தொட்டுப் பார்த்து, மெழுகுல இருக்கிற ஹைட்ரோகார்பன் கலவையை வச்சுத்தான் 'இவன் நம்ம புத்துக்காரன்'னு கண்டுபிடிக்கும்.

மெழுகுக்குக் கீழே புரதமும் கைட்டினும் பின்னிப் பிணைஞ்ச கெட்டியான ஓடு. மேலே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட், கீழே ஃபைபர் காம்போசிட். நம்ம சிலபஸ்ல சொல்ற மெட்டீரியல் டிசைனை எல்லாம் பூச்சி பல கோடி வருஷத்துக்கு முன்னாடியே முடிச்சு வச்சிருச்சு.

தோல் வழியா நுழையும் எதிரி

பூச்சிக்கு நோய் தர்ற வைரஸும் பாக்டீரியாவும் பெரும்பாலும் சாப்பாட்டோட வயித்துக்குள்ள போனாத்தான் வேலை செய்யும். பூஞ்சை அப்படியில்லை. தோல் மேல விழுந்தாலே போதும். அதனாலதான் சாறு உறிஞ்சுற புகையான் மாதிரிப் பூச்சி மேலயும் இதைப் பயன்படுத்த முடியுது. இலையைக் கடிச்சுத் தின்னாத பூச்சிக்கு, இலை மேல தெளிக்கிற வயித்து விஷம் எப்படிப் போய்ச் சேரும்?

இதைக் கண்டுபிடிச்ச கதையும் சுவாரசியமானது. இத்தாலியில பட்டுப்புழுக்கள் வெள்ளையா சுண்ணாம்பு பூசினாப்ல விறைச்சுச் செத்துக்கிட்டிருந்தது. அகோஸ்டினோ பாஸி பல வருஷம் ஆராய்ச்சி செஞ்சு, இதுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சைன்னு 1835-ல வெளியிட்டார். ஒரு நுண்ணுயிர் ஒரு விலங்குக்கு நோய் தரும்னு காட்டின முதல் ஆய்வுகள்ல இது ஒண்ணு. பாஸ்டருக்கும் கோக்குக்கும் முந்தினது. அந்தப் பூஞ்சைக்கு இப்போ பேரு பெவேரியா பாசியானா. 'பாசியானா'ங்கிறது அவரோட நினைவுதான். 1879-ல ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப், கோதுமையை நாசம் பண்ற ஒரு வண்டுல இருந்து பச்சை நிறப் பூஞ்சையைப் பிரிச்செடுத்து, இதை வச்சே வண்டைக் கொல்லலாம்னு யோசிச்சார். அதுதான் மெட்டாரைசியம்.

ரெண்டும் வேலை செய்யிற முறை கிட்டத்தட்ட ஒண்ணுதான். முதல்ல ஸ்போர் வந்து பூச்சி மேல விழும். அதோட வெளிச்சுவர்ல தண்ணியை வெறுக்கிற புரதங்கள் இருக்கு. மெழுகும் தண்ணியை வெறுக்கும். ரெண்டும் ஒண்ணோடொண்ணு பச்சக்குன்னு ஒட்டிக்கும். ஈரப்பதம் சரியா இருந்தா ஸ்போர் முளைக்கும். முளைச்ச குழாய் மெழுகைக் கரைச்சு, அப்புறம் புரதத்தையும் கைட்டினையும் வெட்டுற என்சைம்களை விட்டு, கூடவே அழுத்தமும் குடுத்து ஓட்டைத் துளைக்கும். பூச்சியோட ரத்தத்துக்குள்ள போனதும் ஈஸ்ட் மாதிரி பெருகும். பொதுவா சில நாள்லயிருந்து ஒன்றரை வாரத்துக்குள்ள பூச்சி காலி. செத்ததும் உடம்பைக் கிழிச்சு வெளியே வந்து வெள்ளையாவோ பச்சையாவோ பூத்து, அடுத்த பூச்சிக்காகக் காத்துக்கிட்டிருக்கும்.

இந்த வரிசையில ஓட்டைத் துளைக்கிறதைப் பத்தி நிறையப் பேர் பேசியிருக்காங்க. மெழுகைத் தாண்டுறது சும்மா வாசல் கதவைத் தள்ளிட்டுப் போற மாதிரின்னு நினைச்சிருந்தாங்க. ஆனா முதல் பூட்டே அதுதான்.

கைப்பிடி இல்லாத பாத்திரம்

மெழுகுல இருக்கிற ஆல்கேனைச் சாப்பிடுறது ஏன் கஷ்டம்? சர்க்கரையைப் பாருங்க. குளுக்கோஸ்ல ஆக்சிஜன் அங்கங்க துருத்திக்கிட்டு நிக்கும், என்சைம் பிடிக்கத் தோதா. ஆல்கேன்ல அப்படி ஒண்ணும் கிடையாது. வழவழன்னு ஒரு சங்கிலி. அடுப்புல இருந்து இறக்கணும், ஆனா பாத்திரத்துக்குக் கைப்பிடி இல்லைன்னா என்ன செய்வோம்? முதல்ல ஒரு இடுக்கி தேடுவோம்.

பூஞ்சை வச்சிருக்கிற இடுக்கிக்குப் பேரு சைட்டோகுரோம் பி-450. மருந்து, விஷம் எல்லாத்தையும் உடைக்க நம்ம கல்லீரல்ல இருக்கிற அதே என்சைம் குடும்பம். இது காத்துல இருக்கிற ஆக்சிஜன்ல இருந்து ஒரு அணுவை எடுத்து, ஆல்கேன் சங்கிலியோட நுனியில சொருகும். இப்போ அது ஆல்கஹால். கைப்பிடி வந்தாச்சு. அடுத்தடுத்த என்சைம்கள் அதை ஆல்டிஹைடாக்கி, அப்புறம் கொழுப்பு அமிலமாக்கும்.

கொழுப்பு அமிலம் ஆனதும் கதை சுலபம். பெராக்சிசோம்ங்கிற குட்டி அறைக்குள்ள அதை ரெண்டு ரெண்டு கார்பனா நறுக்கும். 24 கார்பன் சங்கிலின்னா 11 வெட்டு, 12 துண்டு. அந்தத் துண்டுகள் அசிட்டைல் கோ-ஏ. அதுல இருந்து ஆற்றலும் எடுக்கலாம். கிளையாக்சிலேட் சுற்றுங்கிற குறுக்கு வழியில போய்ச் சர்க்கரையும், செல் சுவரும் கூடக் கட்டலாம். மெழுகுல இருந்து சர்க்கரை! இந்தக் குறுக்கு வழி நம்ம உடம்புல கிடையாது.

ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு. பெராக்சிசோம்ல ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு ஹைட்ரஜன் பெராக்சைடு மூலக்கூறு வெளியாகும். 11 வெட்டுக்கு 11. அது செல்லையே அரிச்சுடும். அதனால ஆல்கேன்ல வளர்ற பூஞ்சை, பெராக்சைடை உடைக்கிற கேட்டலேஸ் என்சைமையும் சேர்த்தே கூட்டணும். இன்ஜின் பவரை ஏத்தினா கூலிங் சிஸ்டத்தையும் பெருசாக்கணும் இல்லையா, அதே கதை.

பழக்கம்னா என்ன?

பூஞ்சை கிட்ட இந்த மெஷின் எல்லாம் ஜீன் வடிவத்துல எப்பவும் இருக்கும். ஆனா எப்பவும் ஓடிக்கிட்டிருக்காது. தட்டுல சர்க்கரை இருக்கும்போது மெழுகைக் கடிக்க எந்தப் பூஞ்சைக்கும் அவசியமில்லை. சர்க்கரை தீர்ந்து ஆல்கேன் மட்டும் மிச்சமிருந்தாத்தான் அந்த ஜீன்களை முழுசா ஆன் பண்ணும். பிரியாணி கிடைக்கிற வரைக்கும் ஹாஸ்டல் மெஸ்ல உப்புமா பக்கம் யாரும் போக மாட்டோம், அவ்ளோதான் விஷயம்.

இதை விடாம துருவிப் பார்த்தது அர்ஜென்டினாவுல லா பிளாட்டா நகரத்து ஆய்வுக்குழு. பாட்ரிசியா ஹுவாரெஸ், நிக்கோலஸ் பெட்ரினி, ரொசானா கிரெஸ்போ இவங்கெல்லாம் அதுல முக்கியமானவங்க. அவங்களுக்கு ஒரு அவசரம் இருந்துச்சு. தென் அமெரிக்காவுல சாகாஸ் நோயைப் பரப்புற டிரையட்டோமாங்கிற ரத்தம் குடிக்கிற மூட்டை, மண் வீட்டுச் சுவர் இடுக்குல குடியிருக்கும். பைரித்ராய்டு மருந்து அடிச்சு அடிச்சு அது எதிர்ப்புசக்தி வளர்த்துக்கிச்சு.

1997-லயே அந்தக் குழு, பூஞ்சைகள் இந்த மூட்டையோட மேல்தோல் ஹைட்ரோகார்பனை உடைச்சுப் பயன்படுத்துதுன்னு காட்டிட்டாங்க. அடுத்து பெவேரியாவைச் சர்க்கரை இல்லாத தட்டுல, 24 கார்பன், 28 கார்பன் ஆல்கேனை மட்டும் உணவா குடுத்து வளர்த்தாங்க. தொடக்கத்துல ரொம்ப மெதுவாத்தான் வளர்ந்துச்சு. ஆனா அப்படி வளர்ந்த பூஞ்சையைப் பூச்சி மேல விட்டா, குளுக்கோஸ்ல கொழுத்து வளர்ந்த அதே ரகத்தைவிட வேகமா கொன்னுச்சு. பூச்சியைத் தொடுறதுக்கு முன்னாடியே அதோட கருவிகள் தயாரா இருந்தது காரணம். பீன்ஸ் விதையைத் துளைக்கிற வண்டுலயும், சாகாஸ் மூட்டையிலயும் இதைப் பார்த்திருக்காங்க.

மருந்துக்கு அடங்காத மூட்டைகளோட மேல்தோலைச் சோதிச்சப்போ, சாதாரண மூட்டையைவிட அதுல ஹைட்ரோகார்பன் அதிகமா இருந்துச்சு. விஷம் உள்ளே போகக் கூடாதுன்னு மெழுகைத் தடிமனாக்கிக்கிட்டா, பூஞ்சைக்கு அதுவே விருந்துச் சாப்பாடு. 2009-ல வெளியான அவங்க ஆய்வுல, பைரித்ராய்டுக்குச் சாகாத மூட்டைகளையும் பெவேரியா கொன்னது தெரிய வந்துச்சு.

சரி, வேகமா கொல்றதுக்குக் காரணம் மெழுகு என்சைம்தானா, வேற ஏதாவதான்னு சந்தேகம் வரலாம். அதுக்குத்தான் ஜீனை நீக்கிப் பார்க்கிற சோதனை. பெவேரியாவுல சைப்-52-எக்ஸ்-1ங்கிற பி-450 ஜீனை மட்டும் எடுத்துட்டாங்க. அந்தப் பூஞ்சையைப் பூச்சித் தோல் மேல விட்டா கொல்ற திறன் குறைஞ்சுபோச்சு. அதே பூஞ்சையை ஊசி வழியா நேரா பூச்சி ரத்தத்துல ஏத்தினா, எந்த வித்தியாசமும் இல்லாம கொன்னுச்சு. அதாவது அந்த ஜீனோட வேலை வாசல்லதான், வீட்டுக்குள்ள இல்லை. 2012-ல வந்த இந்த ஆய்வோட அமைப்பு எனக்கு ரொம்பப் பிடிச்சது. எந்தத் துறைக்காரனும் கத்துக்க வேண்டிய டீபக்கிங் முறை. ஒரு பார்ட்டைக் கழட்டு, ரெண்டு வழியில ஓட்டிப் பாரு, எங்க திணறுதோ அங்கதான் அந்தப் பார்ட்டோட வேலை. மெட்டாரைசியத்துலயும் இதே குடும்பத்து ஜீனை நீக்கினா மெழுகுல வளர்றதும் கொல்ற திறனும் குறையுதுன்னு 2011-லயே காட்டியிருக்காங்க.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்

பாபநாசத்துல மலை இறங்குற தாமிரபரணி, எட்டு அணைக்கட்டு வழியா வாய்க்கால்கள்ல பிரிஞ்சு, காரும் பிசானமுமா நெல்லுக்குத் தண்ணி குடுக்குது. நடுவுல வாழை, தென்னை. நெல்லுல இலைச்சுருட்டுப்புழு, புகையான். வாழையில தண்டுக் கூன்வண்டு. தென்னையில காண்டாமிருக வண்டு. வயல்ல அடிக்கிற மருந்துல ஒரு பங்கு வடிகால் வழியா திரும்ப ஆத்துக்கே வரும். அதே ஆத்துல இருந்துதான் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிதண்ணி.

பூஞ்சை மருந்து இந்த இடத்துல நல்ல மாற்று. வாழைத்தண்டை நெடுக்குவாட்டுல பிளந்து, வெட்டின பக்கத்துல பெவேரியாவைத் தடவி தோட்டத்துல போட்டா, வாசனைக்கு வர்ற கூன்வண்டு பூஞ்சையைப் பூசிக்கிட்டுப் போகும். காண்டாமிருக வண்டோட புழு எருக்குழியில வளரும். அங்க மெட்டாரைசியத்தைக் கலந்து விடுவாங்க. பெரும்பாலான ரகங்கள் நம்ம உடம்போட 37 டிகிரி சூட்டுல வளரவே திணறும், அதனால மனுஷனுக்கு ஆபத்து ரொம்பக் குறைவு.

பிரச்சினை எங்கன்னா, ஒரு தடவை வாங்கி அடிச்சுட்டு "அண்ணாச்சி, இது வேலைக்கு ஆகாது"ன்னு சொல்ற விவசாயிகளும் இருக்காங்க. அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. இந்தப் பூஞ்சைகளைப் பாக்கெட்டுக்காக மலிவா, மொத்தமா வளர்க்கணும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில சகாயராஜ் குழு இதைப் பத்தி வேலை செஞ்சு 2008-ல ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிருக்காங்க. தானியங்கள், காய்கறிக் கழிவு, அரிசி கழுவின தண்ணி, தேங்காய்த் தண்ணின்னு நம்ம அடுப்படியில வீணாகிற பொருள்கள்லயே பெவேரியா உள்ளிட்ட மூணு பூஞ்சைகளை வளர்த்துப் பார்த்தாங்க. ஸ்போர் எண்ணிக்கைக்கு இது அருமையான வழி. கிராமத்துலயே செய்யலாம்.

ஆனா எண்ணிக்கை ஒண்ணு, வீரியம் ஒண்ணு. நல்ல சத்தான செயற்கை உணவுல தலைமுறை தலைமுறையா மாத்தி மாத்தி வளர்த்தா, பூஞ்சை பூச்சியைக் கொல்ற திறனைக் கொஞ்சம் கொஞ்சமா இழக்கும். இது ஆய்வகங்கள்ல நல்லாத் தெரிஞ்ச விஷயம். பூச்சி மேல ஒரு சுத்து விட்டு, செத்த பூச்சியில இருந்து திரும்ப எடுத்து வளர்த்தா வீரியம் மீண்டும் வரும். ஆல்கேன்ல வளர்க்கிறது அந்த 'பூச்சிச் சுத்து'க்கு ஒரு குறுக்குவழி மாதிரி: பூச்சியே இல்லாம பூச்சித் தோலை ஞாபகப்படுத்துறது.

அப்போ ஏன் எல்லாரும் செய்யல?

நம்ம ஆளுங்க கேக்க வேண்டிய கேள்வி இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் குளுக்கோஸை முழுசா எரிக்க 1.07 கிராம் ஆக்சிஜன் வேணும். ஒரு கிராம் ஆல்கேனுக்கு சுமார் 3.4 கிராம். மூணு மடங்கு! காரணம் லேசானது: குளுக்கோஸ்ல பாதிக்கு மேல எடை ஏற்கனவே ஆக்சிஜன்தான், ஆல்கேன்ல துளி கூட இல்லை. ஆக, ஆல்கேன் போட்ட ஃபெர்மென்டருக்குக் காத்தை நிறைய ஊதணும். வெளியாகிற சூடும் அதிகம், அதை இறக்கணும். மெழுகு தண்ணியில கரையாது, அதனால கலக்குறதும் பெரும்பாடு. திரவத்துல வளர்த்தா பூஞ்சை உருண்டை உருண்டையா திரண்டுக்கும். உருண்டைக்கு நடுவுல இருக்கிறதுக்கு மூச்சு முட்டும்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1960-கள்ல பிரிட்டிஷ் பெட்ரோலியம் கம்பெனி, பிரான்ஸ்ல லாவெராங்கிற இடத்துல பெட்ரோலிய மெழுகைத் தின்னு வளர்ற ஈஸ்ட்டை வச்சு மாட்டுத் தீவனம் தயாரிக்க முயற்சி பண்ணுச்சு. அந்த மாதிரி ஈஸ்ட்டுலயும் ஆல்கேனுக்குக் கைப்பிடி போடுறது இதே சைப்-52 குடும்பம்தான். எண்ணெயும் தண்ணியும் காத்தும் ஒண்ணா கலக்குற ஃபெர்மென்டர் டிசைன் பத்தி அப்போ நிறையக் கத்துக்கிட்டாங்க. கெமிக்கல் பசங்க அந்தப் பழைய பாடத்தைத் தூசி தட்டலாம்.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. நம்ம வீட்டு ரவை டப்பாவுல வர்ற சிவப்பு மாவு வண்டு, பென்சோகுவினோன்ங்கிற காரமான சுரப்பை உடம்பு மேல பூசிக்கும். பூஞ்சை அதுல முளைக்கத் தடுமாறும். பெவேரியா அந்தக் குவினோனை உடைக்க ஒரு என்சைம் வச்சிருக்கு, ஆனாலும் இந்த வண்டு கிட்ட பெரும்பாலும் தோத்துடுது. 2015-ல வந்த ஒரு ஆய்வு இதை ஆயுதப் போட்டின்னே சொல்லுது. மெழுகைத் தின்னப் பழக்கிட்டா எல்லாப் பூச்சியும் செத்துடும்னு நினைக்க வேண்டாம்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. பாஸி காலத்துல பட்டுப்புழுவைக் கொன்ன அதே பூஞ்சைதான் இது. மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு மனையும் இருக்கிற ஊர்ல, அதுக்குப் பக்கத்துல தெளிக்கவே கூடாது. கொல்ற வேகத்தைக் கூட்டினா இந்த ஆபத்தும் சேர்ந்தே கூடும்.

நாளைக்கே செய்யக்கூடியது

ஆல்கேன்ல வளர்த்த பாக்கெட் நம்ம உரக்கடைக்கு வர்ற வரைக்கும், இருக்கிற பாக்கெட்டையாவது உயிரோட வயலுக்குக் கொண்டுபோகலாம். வீட்டுல விவசாயம் பண்றவங்க இருந்தா இதைச் சொல்லுங்க.

வாங்கும்போது தயாரிச்ச தேதியும் காலாவதித் தேதியும் பாருங்க. பொடின்னா கிராமுக்குக் குறைஞ்சது 10 கோடி உயிருள்ள ஸ்போர்னு லேபிள்ல இருக்கும். ஆனா கடைக்காரர் அதை வெயில் படுற அலமாரியில வச்சிருந்தா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இந்தப் பூஞ்சைக்குப் பிடிச்சது 25 முதல் 28 டிகிரி. 35-ஐத் தாண்டினாலே சுணங்கும். அதனால சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும், வயல்ல ஈரம் இருக்கும்போது தெளிக்கணும். பூஞ்சைக்கொல்லி மருந்தோட கலக்கவே கூடாது. கலந்தா நம்ம காசுல நம்ம படையையே கொன்ன மாதிரி. மூக்குல துணி கட்டிக்கிட்டுத் தெளிங்க, ஸ்போர் தூசி சிலருக்கு ஒவ்வாது. முக்கியமா, மறுநாளே செத்து விழும்னு எதிர்பார்க்காதீங்க. இது விஷம் இல்லை, நோய். நோய்க்கு நாள் பிடிக்கும்.

புராஜெக்ட் தேடிக்கிட்டிருக்கிற ஜூனியர்களுக்கு ஒரு யோசனை. உயிரித் தொழில்நுட்பம் படிக்கிற ரெண்டு பேர், மெக்கானிக்கல் ஒருத்தர், கெமிக்கல் ஒருத்தர் சேருங்க. ஒரே பெவேரியா ரகத்தை எடுத்து, பாதியைச் சோத்துலயும் பாதியைப் பாரபின் மெழுகுலயும் வளர்த்து, வாழைக் கூன்வண்டு மேல விட்டு, எது எத்தனை நாள்ல கொல்லுதுன்னு எண்ணுங்க. வண்டு களக்காட்டுப் பக்கம் எந்த வாழைத்தோட்டத்துலயும் ஓசியில கிடைக்கும். சோத்துல வளர்த்ததுக்கும் மெழுகுல வளர்த்ததுக்கும் ஒரு நாள் வித்தியாசம் வந்தாலும், அது எழுதி வைக்க வேண்டிய எண்தான்.